அரிசி இருக்கும் ஊரில் அடுப்பெரியாத வீடு: பசி தீர்க்கும் பணி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலை, திங்கள்சந்தை, குளச்சல் சுற்றுவட்டாரத்தில் வாரம் மூன்று நாள் மதிய உணவு சமைத்துக் கொடுப்பதும், மீதி நாட்களில் குடும்ப அட்டை, ஓய்வூதியம், கடன் போன்ற விவகாரங்களுக்காக மக்களோடு அலுவலகப் படி ஏறுவதும் எங்கள் சிறு குழுவின் வேலை. உதவ முன்வருகிறவர்களும், எங்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறவர்களும், உதவி தேவைப்படுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு எங்களுக்குத் தெரிந்த அளவில் இங்கே விடை எழுதியிருக்கிறோம்.

படிப்பிலும் வசதியிலும் முன்னிற்கும் கன்னியாகுமரி மாவட்டத்தில் பசி உண்மையிலேயே இருக்கிறதா?

வெளியூர்க்காரர்கள் மட்டுமல்ல, நாகர்கோவிலிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் முதலில் கேட்பது இதைத்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் 18,70,374 பேர் வாழ்கிறார்கள், எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே அதிகம். வளைகுடா நாட்டுப் பணத்தில் எழுந்த மாடி வீடுகளைப் பேருந்தில் இருந்தபடி பார்த்துக்கொண்டு போகிறவருக்கு எங்கள் பேச்சு மிகையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இங்குள்ள பசி பட்டினிச் சாவாக வெளியே தெரிவதில்லை. மூன்று வேளை இரண்டாகிறது. பயறும் மீனும் தட்டை விட்டுப் போய், கஞ்சியும் உப்பும் ஒரு காந்தாரி மிளகாயும் மிஞ்சுகின்றன. வீட்டில் கடைசியாக உண்ணும் பெண்ணுக்குக் கஞ்சியில் வற்று (சோற்றுப் பருக்கை) குறைந்து தெளிநீர் கூடுகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருப்பதும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நால்வருக்கு ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதும் பதிவாகியுள்ளது. இவை மாநிலம் முழுமைக்குமான எண்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் இதற்கு விலக்கு என்று எண்ண நாங்கள் பார்த்த வீடுகள் இடம் தரவில்லை.

நியாயவிலைக் கடையில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறதே, பிறகு ஏன் பசி?

எங்கள் வேலை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது என்று சொல்லலாம். தமிழ்நாட்டின் பொது விநியோகத் திட்டம், ஏழைகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுக்காமல் அனைவரையும் உள்ளடக்கியது என்பதும், 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது என்பதும், அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ உண்டு என்பதும் சிறிய காரியங்கள் அல்ல. இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் எங்களைப் போன்ற நூறு குழுக்கள் சேர்ந்தாலும் சமாளித்திருக்க முடியாது. கூடவே துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன.

ஆனால் அரிசி வேறு, சாப்பாடு வேறு. அரிசியைச் சோறாக்க விறகோ எரிவாயுவோ வேண்டும். சோற்றோடு பிசைய ஏதேனும் வேண்டும். தனித்திருக்கும் முதியவருக்குப் பானையை இறக்கி வடிக்கக் கையில் தெம்பு வேண்டும். எரிவாயு உருளை தீர்ந்து அடுத்ததற்குப் பணம் சேராத பத்து நாட்களில், சாக்கு நிறைய அரிசி இருந்தும் கடைத்தேநீரிலும் பன்னிலும் காலந்தள்ளிய வீடுகளை நாங்கள் அறிவோம்.

இன்னொன்று, இம்மாவட்டத்தார் தலைமுறை தலைமுறையாகச் சிவந்த சம்பா அரிசியின் கஞ்சியில் வளர்ந்தவர்கள். கடை அரிசி அவர்களுடைய நாவுக்கு இறங்குவதில்லை. அதனால் சிலர் அதை ஆட்டுக்கும் கோழிக்கும் போடுகிறார்கள். சிலர் வாசலுக்கு வந்து வாங்குகிறவரிடம் சொற்ப விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் சேர்ந்த மூட்டைகள் களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குக் கடத்தப்படும்போது பிடிபட்டதாக வரும் செய்திகள் இங்கே யாருக்கும் புதியவை அல்ல. விற்றவரைத் திட்டுவது எளிது. வாரத் தவணை கட்ட நூறு ரூபாய் குறைந்ததால் விற்ற பெண்ணிடம் என்ன சொல்வது என்பதற்கு எங்களிடம் இன்னும் நல்ல பதில் இல்லை.

அட்டை இருந்தும் பொருள் கிடைக்காதவர்கள் உண்டா?

உண்டு. இதைச் சரிசெய்வதற்குப் பணம் தேவையில்லை, பொறுமை போதும் என்பதால் எங்களுக்குப் பிடித்தமான வேலையும் இதுவே. கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தபின் முதலில் சிக்கியவர்கள் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) பெண்கள். முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைச் சுட்டுத் தின்னக்கூடியது; பல ஆண்டுகள் அண்டி உடைத்தவரின் விரல் நுனியில் ரேகை மழுங்கியிருக்கும். கருவியில் விரலை வைத்து எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி வைத்து, ஐந்தாம் முறையும் ஏற்காமல், பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுக்கத் தொடங்கியதும் அவர் பையை மடித்துக்கொண்டு விலகிவிடுகிறார். கைரேகை பதியாதவருக்கு மாற்று வழிகள் உண்டு. கடைக்கு வர இயலாதவர் தம் சார்பில் வேறொருவரை நியமித்துப் பொருள் வாங்கச் செய்யவும் வகையுண்டு. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே பொருள் கொண்டு கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. இவற்றை அவர்களுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

திருமணமாகிப் போன மகளின் பெயரை நீக்கப் போய்த் தாயின் பெயரும் விடுபட்டது, முகவரி மாறியதால் அட்டை வேறு கடையில் கிடப்பது, ரப்பர்த் தோட்டக் குடியிருப்பில் இருப்பவருக்கு முகவரிச் சான்று கிடைக்காதது எனச் சிக்கல்கள் பலவகை. உணவுப்பொருள் குறித்த புகார்களை 1967 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு நேரில் போவதானால் நாங்களும் உடன் வருவோம்.

பசி எந்த மாதங்களில், யார் வீட்டில் கூடுகிறது?

ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. அதற்கும் பருவம் உண்டு. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. குமரி முனைக்குக் கிழக்கே கிழக்குக் கடற்கரைத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடக்கிறது. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் என்பது எங்களுக்கே உரிய விசித்திரம். மீன்வளம் பெருக இந்தத் தடை தேவை என்பதில் மீனவர்களுக்கும் பெரும்பாலும் மாற்றுக்கருத்து இல்லை. அரசு நிவாரணத் தொகையும் தருகிறது. ஆனால் படகில் போகாத, ஆனால் படகையே நம்பியிருக்கும் பலர் கணக்கில் வருவதில்லை: ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், தலைச்சுமையாக மீன் கொண்டுபோய் வீடு வீடாக விற்கும் பெண். தடை இல்லாத வள்ளங்களும் (சிறு படகுகளும்) ஆனி, ஆடிக் கடலின் சீற்றத்தில் பல நாள் மணலில்தான் கிடக்கும்.

மலையோரத்தில் கணக்கு வேறு. ரப்பர்ப் பால் வெட்டுகிறவருக்கு விடியற்காலை மழை பெய்தால் அன்றைய கூலி இல்லை. மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வெட்டு நின்றே போகும். இரண்டு பருவமழையையும் பெறும் மாவட்டம் என்று பள்ளிப் பாடத்தில் பெருமையாகப் படிக்கிறோமே, அந்த இரண்டு மழையும் பால் வெட்டுக்காரருக்கு இரண்டு பட்டினிப் பருவங்கள். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்கு, மழையில் பாதை அறுபட்டால் கடைக்குப் போய் அரிசி வாங்குவதே பெரும்பாடு.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்து அண்டி ஆபீஸ்களில் வேலை நாட்கள் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் கொட்டையைப் பொறுத்தவை. சரக்கு வராவிட்டால் வாயிற்கதவு பூட்டிக் கிடக்கும். எத்தனை நாள் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இவர்கள் எவரும் ஆண்டு முழுவதும் ஏழைகளாக நடந்துகொள்கிறவர்கள் அல்லர். ஆவணியில் நல்ல சேலை கட்டிக் கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் போகும் அதே குடும்பம்தான் ஆடியில் இரண்டு வேளையோடு நிறுத்திக்கொள்கிறது. ‘வறுமைக் கோடு’ என்று நிலையான ஒரு கோடு போட்டுப் பார்க்கிறவர்களின் கண்ணுக்கு இந்த ஏற்ற இறக்கம் அகப்படுவதில்லை.

பசித்திருப்பவர் யார் என்பதை எப்படிக் கண்டறிகிறீர்கள்?

கேட்டறிவது ஏறத்தாழ முடியாது. எங்கள் பக்கத்தில் ஒருவரையொருவர் பார்த்தால் ‘கஞ்சி குடிச்சாச்சா?’ என்பதே நலம் விசாரிப்பு. ‘குடிச்சாச்சு மக்களே’ என்பதே எப்போதும் அதற்குப் பதில். தடைக்காலத்தில் ஒரு கடற்கரை ஊரில் எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டியும் அப்படித்தான் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போது அவர் வீட்டுத் திண்ணையோரத்தில் கவிழ்த்து வைத்திருந்த பானையின் அடியில் எட்டுக்கால் பூச்சி வலை பின்னியிருந்ததை எங்களோடு வந்த பெண் பார்த்துவிட்டார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ‘பாட்டி, நாளைக்கு எங்களுக்குத் தேங்காய் துருவ ஆள் இல்ல, கொஞ்சம் வருவீங்களா?’ என்று மட்டும் சொன்னார். பாட்டி மறுநாள் வந்தார், துருவினார், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். இன்றும் வருகிறார். எங்கள் பயனாளிகள் பட்டியலில் அவர் பெயர் இல்லை, சமையல் குழுவில்தான் இருக்கிறது.

கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பலசரக்குக் கடைக்காரர் ஆகிய மூவருக்கும் ஊரின் உண்மை நிலை தெரியும். குறிப்பாகக் கடைக்காரருக்கு: வழக்கமாக ஒரு கிலோ பயறு வாங்குகிறவர் கால் கிலோவுக்கு இறங்கும் நாள் அவருடைய பற்று நோட்டில் இருக்கும்.

சாதி, மதம் பார்த்தா உணவு தருகிறீர்கள்?

இல்லை. இந்த மாவட்டத்தில் அப்படிப் பார்த்தால் ஒரு தெருவைக்கூடத் தாண்ட முடியாது.

ஆனால் கேள்வியின் பின்னே ஒரு வரலாறு இருப்பதால் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிணற்றில் நீர் மொள்ளவும் சாதி பார்த்த திருவிதாங்கூர் ஆட்சிக்காலத்தில், சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் (1809-1851) எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கவும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணவும் வைத்தார். அந்த முந்திரிக் கிணறு இன்றும் இருக்கிறது. அவர் வழி வந்த நிழல் தாங்கல்கள் என்னும் வழிபாட்டிடங்களில் அன்னதர்மம் இன்றும் நடக்கிறது. பசியைத் தீர்ப்பதும் இழிவைத் துடைப்பதும் ஒரே வேலை என்று இங்கே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்து காட்டிவிட்டார். நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

தேவாலயத் திருவிழாவின் சமபந்தி விருந்தும் அசனமும், ரமலான் மாதத்தில் பள்ளிவாசல் வாசலில் பாத்திரத்தோடு வந்து நிற்கும் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் ஊற்றிக் கொடுக்கப்படும் நோன்புக் கஞ்சியும், கோயில் அன்னதானமும் இதே வரிசையில் வருபவை. ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பாத்திரத்தில் போட்டு வைத்து வாரக் கடைசியில் கொடுக்கும் பிடியரிசி வழக்கத்தை எங்கள் குழுப் பெண்கள் தங்கள் பாட்டிமாரிடமிருந்து எடுத்தார்கள். எங்கள் அடுப்பில் வேகும் சம்பா அரிசியில் கணிசமான பங்கு அப்படி வந்ததுதான். பந்தியில் உட்கார்ந்து உண்பவர் யாரும் தானம் வாங்கியவராக எழுந்து போவதில்லை. வரிசையில் நின்று பொட்டலம் வாங்குகிறவருக்கு அந்த நிம்மதி கிடைப்பதில்லை. முடிந்த இடங்களில் நாங்கள் பந்தி போடுவது இதனால்தான்.

திருமண வீட்டில் மிஞ்சிய சாப்பாட்டைக் கொண்டுவந்து தரலாமா?

தரலாம், ஆனால் பந்தி முடிந்த பிறகு யோசித்துத் தொலைபேசியில் அழைப்பது பயன்படாது. ஒருமுறை ஒரு மண்டபத்திலிருந்து ஏறத்தாழ இருநூறு பேருக்கான உணவு வருகிறதென்றார்கள். பகல் ஒரு மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கியது எங்கள் கைக்கு வந்தபோது மாலை ஆறு. அவியலும் எரிசேரியும் புளிசேரியும் தேங்காய் அரைத்தவை. மூடி திறந்ததும் வந்த வாடையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. இருட்டில் தென்னந்தோப்பில் குழி வெட்டி அவ்வளவையும் புதைத்தோம். பசித்தவர்கள் மறுபக்கம் காத்திருக்க, சோற்றை மண்ணில் தள்ளுவதைப் போன்ற வேலை வேறில்லை.

அதன் பிறகு ஒரு நடைமுறை வைத்திருக்கிறோம். விழாவுக்கு இரண்டு நாள் முன்பே சொல்ல வேண்டும். பரிமாறும் இடத்துக்கு வராத, பாத்திரத்திலேயே இருக்கும் உணவை மட்டும் எடுப்போம். சமைத்த நேரத்தைச் சமையற்காரரிடமே கேட்டு எழுதி ஒட்டுவோம். சூடான உணவு 60 டிகிரிக்கு மேலேயே இருக்க வேண்டும், அல்லது விரைவில் ஆற்றி 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். தேங்காய் சேர்ந்தவற்றை நேரம் கடந்தால் தயங்காமல் விலக்குவோம். உபரி உணவை வாங்கி வழங்குவதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் விதிமுறைகள் வகுத்திருக்கிறது. இதை அமைப்பாகச் செய்கிறவர்கள் அதன்படி பதிவு பெற வேண்டும். விதி என்றதும் சலிப்படைகிற நண்பர்களுக்கு அந்தத் தோப்பைக் காட்டுவது வழக்கம்.

அவற்றை எல்லாம் விட எளிய வழி, நூறு இலை கூடுதலாகச் சமைக்காமல் அந்தச் செலவை முன்பே அரிசியாகத் தந்துவிடுவது.

பணமாகத் தருவதா, பொருளாகவா?

இரண்டும் வேண்டும். பொருளாகத் தருவதானால் சம்பா அரிசி, சிறுபயறு, தேங்காய் எண்ணெய், புளி, நேந்திரங்காய், மரச்சீனி (மரவள்ளி)க் கிழங்கு ஆகியவை உடனே உலைக்குப் போகும். பிஸ்கட் பெட்டிகளும் நூடுல்ஸ் பொட்டலங்களும் எங்களிடம் போதிய அளவுக்கு மேல் இருக்கின்றன.

உணவு வழங்கும்போது படம் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பிறந்தநாள் கொண்டாட வந்தவருக்கும் இதே பதில்தான். பாத்திரத்தையும் அடுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக் குழந்தைகளுக்கு அரசே உணவளிக்கிறதே?

அளிக்கிறது, இந்தியாவிலேயே எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்க வகையில் அளிக்கிறது. 1950களின் நடுவில் காமராஜர் முதல்வராக இருந்தபோது விரிந்த மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாகப் பெரிதானது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், மறு ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் சென்றது. முதல்வர் பதவியை விட்டுப் பல ஆண்டுகளுக்குப் பிறகு 1969 இடைத்தேர்தலில் காமராஜரை மக்களவைக்கு அனுப்பியது நாகர்கோவில் தொகுதி என்பதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இப்போதும் சோறு பேச்சு வந்தால் சொல்லாமல் விடமாட்டார்கள்.

எஞ்சும் இடைவெளிகள் மூன்று. கோடை விடுமுறையில் பள்ளி அடுப்பு அணைந்திருக்கும். கிழக்குக் கரையில் அதே வாரங்களில்தான் கடலும் மூடியிருக்கும். ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதும் காலை உணவு நின்றுவிடுகிறது. வளரும் வயதில் ஆறாம் வகுப்புப் பிள்ளை வெறும் வயிற்றோடு முதல் பாடவேளையில் உட்காருகிறது. மூன்றாவது, அங்கன்வாடியில் தரும் சத்துமாவு வீட்டுக்குப் போனதும் எல்லோருக்குமான பலகாரமாகிவிடுவது. ஏப்ரல், மே மாதங்களில் நாங்கள் கடற்கரை ஊர்களில் அடுப்பு கூட்டுவது முதல் இடைவெளிக்காக. இரண்டாவதற்குப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பேசிவருகிறோம்.

மருத்துவமனையில் பொதிச்சோறு கொடுப்பது யாருக்காக?

நோயாளிக்காக அல்ல, கூட இருப்பவருக்காக. அரசு மருத்துவமனையில் உள்நோயாளிக்கு உணவு உண்டு. பக்கத்தில் தரையில் பாய் விரித்துக் கிடக்கும் தாய்க்கோ மகனுக்கோ அது கிடையாது. அவர் கூலியையும் விட்டுவிட்டு வந்தவர். திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்குப் போன எங்கள் ஊர்க்காரர்கள், அங்கே இளைஞர் அமைப்பினர் வீடு வீடாகப் பொதிச்சோறு திரட்டி அரசு மருத்துவமனைகளில் கொடுப்பதைக் கண்டு வந்து சொன்னதிலிருந்து பிறந்தது இது. ஒவ்வொரு வீடும் தான் சமைத்த சோற்றில் ஒரு பொதி கூடுதலாக வாட்டிய வாழையிலையில் கட்டித் தருகிறது. ஒரு பொதியில் சாளை மீன் வறுவல் இருக்கும், மற்றொன்றில் தீயல். எது யாருக்கு வாய்க்கும் என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

சோறு போடுவதால் மட்டும் பசி போய்விடுமா? மூலக் காரணங்களுக்கு என்ன செய்கிறீர்கள்?

போகாது. எங்கள் பந்தியில் ஆறு மாதம் தொடர்ந்து உட்காருகிறவரிடம் பேசினால், பெரும்பாலும் பேச்சு கடனில் போய் நிற்கும்.

கடற்கரையில் பழைய ஏற்பாடு இது: வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரி முன்பணம் தருவார், அதற்குப் பதிலாகப் பிடிபடும் மீன் முழுவதையும் அவர் சொல்லும் விலைக்கு அவரிடமே கொடுக்க வேண்டும். கடன் அடைபடாது, அடைபடக்கூடாது என்பதே அதன் இலக்கணம். இதை உடைத்தவை ஊர்தோறும் மீனவர்கள் தாங்களே அமைத்த சங்கங்கள். கரையில் ஏலத்தைச் சங்கமே நடத்தும். விற்ற பணத்தில் ஒரு சிறு பகுதி சங்கச் செலவுக்கும் ஒரு பகுதி சேமிப்புக்கும் ஒரு பகுதி கடன் தவணைக்கும் பிடிக்கப்படும். மீன் கிடைத்த நாளில்தான் தவணை. கடல் கொடுக்காத நாளில் யாரும் வாசலில் வந்து நிற்கமாட்டார்கள். 1980-இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இந்த முறையைக் குமரியிலும் கேரளக் கரையிலும் பரப்பியது. வருமானத்தின் ஏற்ற இறக்கத்துக்கேற்பத் தவணையும் ஏறி இறங்க வேண்டும் என்ற அந்த எளிய அறிவு, இன்று தெருத்தெருவாக வரும் வாரக்கடன் முறையில் அறவே இல்லை.

வாரக்கடனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஐந்து பத்துப் பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கொருவர் பிணையாக்கித் தரப்படும் இந்தக் கடனில், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே தவணை நாளன்று அண்டை வீட்டுப் பெண்ணின் முகத்துக்கு அஞ்சி அடுப்பு மூட்டாத வீடுகள் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை எங்கள் பந்தியில் கூட்டம் கூடுவது ஏன் என்று ஓராண்டு புரியாமல் இருந்தோம். அந்தப் பகுதியில் வசூல் நாள் திங்கள். அதிக வட்டிக்கு எதிராக 2003-ஆம் ஆண்டுச் சட்டமும், கடன் வசூலில் வலுக்கட்டாயத்தைத் தடுக்கும் 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டில் உள்ளன. சட்டம் தெரிந்த இரண்டு நண்பர்கள் மாதம் ஒருமுறை வந்து இவர்களுடைய கடன் அட்டைகளைப் படித்து விளக்குகிறார்கள். பலருக்குத் தாம் எவ்வளவு வட்டி கட்டுகிறோம் என்பதே அன்றுதான் தெரியவருகிறது.

நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்பார்களே. வயல்களுக்கு என்ன ஆயிற்று?

வீட்டு மனையாயின, தென்னந்தோப்பாயின, வாழைத் தோட்டமாயின, மலையடிவாரத்தில் ரப்பராயின. கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு பூ (போகம்) விளைந்த ஏலாக்களில் (வயல்வெளிகளில்) பல இன்று பெயரளவில் பேருந்து நிறுத்தங்களாக மட்டும் இருக்கின்றன. விற்றவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. நாற்று நடக் கூலிக்கு ஆள் இல்லை, நெல்லுக்கு வாழைக்குரிய வருமானம் இல்லை, ஒரு சென்ட் மனைக்கு வரும் விலையை நெல் ஒருபோதும் தராது.

இதில் பசிக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணையும், அதன் பின் வந்த பெருஞ்சாணியும், 1966-இல் எழுந்த மாத்தூர் தொட்டிப் பாலமும் வெறும் சுற்றுலாக் காட்சிகள் அல்ல. வறட்சியையும் பஞ்சத்தையும் கண்ட தலைமுறைகள் தண்ணீரை வயலுக்குக் கொண்டுவரச் செய்த முயற்சிகள். இரண்டாம் உலகப் போரில் 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, வெளி அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் தவித்தது. அன்று மரச்சீனிதான் உயிர் காத்தது. இன்று மீன்கறியோடு விருப்பமாக உண்ணும் அந்தக் கிழங்கைச் சில பெரியவர்கள் தொடமாட்டார்கள். ‘அது பஞ்சத்துல தின்னது’ என்று தள்ளிவைத்துவிடுவார்கள்.

வயல் இருந்த காலத்தில் நடவும் களையும் அறுப்பும் நிலமற்ற பெண்களுக்குக் கூலி நெல்லாக வீட்டுக்குள் வந்தன. வயல் போனதும் அந்த நெல்லும் போயிற்று. தரிசாகக் கிடக்கும் வயலை உரிமையாளரின் ஒப்புதலோடு குத்தகைக்கு எடுத்துச் சம்பா பயிரிட எங்கள் பெண்கள் இரண்டு ஆண்டுகளாக முயல்கிறார்கள். முதல் ஆண்டு மடைவாய்க்கால் அடைபட்டிருந்ததால் நீர் வந்து சேரவில்லை. இரண்டாம் ஆண்டு கும்பப்பூவில் விளைந்தது எங்கள் அடுப்புக்கு மூன்று மாதம் போதுமானதாக இருந்தது. ஆயிரக்கணக்கான குளங்கள் உள்ள மாவட்டத்தில் நீர் இல்லை என்று சொல்ல நா எழவில்லை, வாய்க்கால்தான் இல்லை.

புயல், வெள்ளம் போன்ற பேரிடர்களில் எப்படி உதவலாம்?

காலந்தாழ்த்தி வாருங்கள். இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. 2004 சுனாமியின்போது குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பக்கங்களிலும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் ஆண்களைக் கடலிலேயே விழுங்கியபோதும், முதல் வாரத்தில் உணவுப் பொட்டலம் தெருவில் சிதறிக் கிடந்தது. மூன்றாம் மாதம், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, உடலும் கிடைக்காமல் சான்றிதழுக்காக அலைந்துகொண்டிருந்த பெண்களின் வீட்டில்தான் பசி வந்து உட்கார்ந்தது. ஒக்கி கடற்கரையை மட்டும் தாக்கவில்லை. வாழையையும் ரப்பரையும் முறித்துப்போட்டு மலையோரக் கூலிகளின் வேலையையும் ஆண்டுக் கணக்கில் பறித்தது. முதல் வாரத்தில் தருவதாக எண்ணியதை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கை மூன்றாம் மாதத்துக்கும் ஒரு பங்கை முதலாம் ஆண்டுத் திதிக்கும் என்று ஒதுக்கிவைப்பவர்களையே நாங்கள் நாடுகிறோம்.

நேரம்தான் இருக்கிறது, பணமில்லை. நான் என்ன செய்யலாம்?

உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்கும் பெரிய வீட்டையும் விட்டுவிடாதீர்கள். மாதத்தில் ஒரு நாள் அவருடைய குடும்ப அட்டையை வாங்கிச் சென்று பொருள் வாங்கிக் கொடுங்கள். முதியோர் ஓய்வூதியம் நின்றுபோயிருந்தால் ஏன் என்று கேட்டறிந்து மனு எழுதுங்கள். வாரத்தில் ஒரு காலை எங்களோடு தேங்காய் துருவ வரலாம். ஐந்தரை மணிக்கு அடுப்பு மூட்டுகிறோம். தேங்காய்த் துருவி பாட்டியிடம் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறு யார் எடுத்தாலும் அவருக்குக் கோபம் வரும்.